ரிபாவிரினால் ஹீமோகுளோபின் சரியும்போது: அளவைக் குறைப்பதா, எரித்ரோபொயட்டின் ஊசியா, ரத்தம் ஏற்றுவதா?

ஹெபடைட்டிஸ் சி மாத்திரைகள் எல்லாமே ரத்தத்தைக் குறைக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது பழைய காலத்துப் பயம். சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விரோ கிளெகாப்ரெவிர்–பிப்ரெண்டாஸ்விரோ மட்டும் எடுப்பவர்களுக்குத் தலைவலி வரலாம், அசதி வரலாம்; அந்த மருந்துகளால் ஹீமோகுளோபின் சரிவதில்லை. சரிந்தால் மருந்தை நோகாமல் வேறு காரணத்தைத் தேட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்பது. அப்படிப் போனால் உணவுக்குழாயிலோ வயிற்றிலோ ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூடவே ரிபாவிரின் என்ற பழைய வைரஸ் எதிர்ப்பு மருந்தும் எடுப்பவர்களுக்கானது இந்த ஒப்பீடு. இன்று அவர்களில் பெரும்பாலோர் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, கல்லீரல் செயலிழக்கும் கட்டத்துக்கு வந்தவர்கள். 2015-இல் வெளிவந்த ஒரு முக்கிய ஆய்வில், இத்தகையவர்களுக்கு சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் மட்டும் 12 வாரம் கொடுத்தபோது 83 சதவீதம் பேர் குணமானார்கள். ரிபாவிரினும் சேர்ந்தபோது 94 சதவீதம். அந்தக் கூடுதல் பலனுக்கு விலையும் உண்டு: ரிபாவிரின் எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே இறங்கியது, 7 சதவீதம் பேருக்கு 8.5-க்கும் கீழே.

ரிபாவிரின் சிவப்பணுவுக்குள் புகுந்து பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி சிவப்பணுவில் இல்லாததால் மருந்து வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்கிறது. அணுவின் ஆற்றல் வற்றி, சவ்வு கெட்டு, அது காலத்துக்கு முன்பே அழிகிறது. முதல் 2 வாரத்திலேயே சரிவு தெரியத் தொடங்கும் என்பதால்தான் 2-ஆம் வாரமும் 4-ஆம் வாரமும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்கிறார்கள்.

மூன்று வழிகளில் என் சாய்வு அளவைக் குறைப்பதன் பக்கம். வழக்கமான தொடக்க அளவு 75 கிலோவுக்குக் கீழே எடையுள்ளவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம், அதற்கு மேல் 1200. காலை மாலை பிரித்து, உணவோடு. கல்லீரல் மிக மோசமானவர்களுக்குத் தொடக்கமே 600 தான். இதய நோய் இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் 600-ஆகக் குறைப்பார்கள்: காலை 200, மாலை 400. சில மருத்துவர்கள் 200, 200 ஆகப் படிப்படியாகக் குறைப்பதும் உண்டு. 8.5-க்குக் கீழே போனால் நிறுத்தம். இதய நோய் உள்ளவருக்குக் கணக்கே வேறு: 4 வாரத்துக்குள் 2 கிராம் சரிந்தாலே குறைக்க வேண்டும், குறைத்து 4 வாரமாகியும் 12-க்குக் கீழே இருந்தால் நிறுத்த வேண்டும். ரிபாவிரின் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. ஆகவே சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தொடக்கத்திலேயே அளவு வெகு குறைவாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் சிலருக்குத் திடீரென்று தலைகீழாகச் சரிகிறது.

'குறைத்தால் வைரஸ் போகாமல் நின்றுவிடுமே' என்பதுதான் எல்லோருக்கும் உள்ள தயக்கம். தீர்ப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2013-இல் வெளியான ஆய்வொன்றில், போசெப்ரெவிர் என்ற பழைய ஹெபடைட்டிஸ் சி மருந்துச் சிகிச்சையில் ரத்தசோகை வந்த 500 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ரிபாவிரினைக் குறைத்தார்கள், மறுபாதிக்குச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி போட்டார்கள். இரு பக்கமும் குணமானவர்கள் ஏறத்தாழ 71 சதவீதம். விதித்த மொத்த ரிபாவிரினில் பாதிக்கும் குறைவாக எடுத்தவர்களிடம் மட்டும் பலன் குறைந்தது. இதைக் கணக்காக்கிப் பாருங்கள். 1200-இல் தொடங்கி 4 வாரம் கழித்து 600-ஆகக் குறைத்தால், 12 வார முடிவில் மொத்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு உடலுக்குள் போயிருக்கும். பாதிக்கோட்டுக்கு வெகு மேலே. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அது இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்தும் சேர்ந்த சிகிச்சை, இன்றைய மாத்திரைகளுக்கும் செயலிழந்த கல்லீரலுக்கும் அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. துணைச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இன்று குறைத்தால் நாளை ஏறாது. அணுக்களுக்குள் சேர்ந்த ரிபாவிரின் வாரக்கணக்கில் தங்குவதால், குறைத்த பிறகும் சில நாள் சரிவு தொடரலாம். ஆகவே 10-ஐத் தொடும்வரை காத்திருக்காமல், 2-ஆம் வாரமே 13-இலிருந்து 10.5-க்கு வந்துவிட்டதென்றால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். அடுத்த வாரமே மறுபரிசோதனை. குறைப்பது ரிபாவிரினை மட்டுமே. சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் மாத்திரையைப் பாதியாக்குவதோ ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதோ கூடவே கூடாது. ரிபாவிரினை அடியோடு நிறுத்த நேர்ந்தால், மற்ற மாத்திரையை 24 வாரத்துக்கு நீட்டும் வழி இருக்கிறது.

எரித்ரோபொயட்டின் ஊசி இன்டர்ஃபெரான் காலத்தில் வாரம் 40,000 யூனிட் என்று தாராளமாகப் போடப்பட்டது. இன்டர்ஃபெரான் எலும்பு மஜ்ஜையையும் அடக்கியதால் அன்று அதற்கு நியாயம் இருந்தது. இன்று மஜ்ஜை தானாகவே ஈடுகட்டப் பார்க்கிறது. ஊசி வேலை காட்ட 2 முதல் 6 வாரம் ஆகும். 4-ஆம் வாரம் தொடங்கினால் பலன் தெரிவதற்குள் சிகிச்சையில் பாதி போயிருக்கும். இரத்த அழுத்தம் ஏறலாம், ரத்தம் உறையலாம். கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் உறைவு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். ரிபாவிரினை இனிக் குறைக்க இடமில்லாதவர்களுக்கு மட்டுமே இதை யோசிக்கலாம்.

ரத்தம் ஏற்றினால் வேகம் உண்டு: ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிராம் ஏறும். நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, மயக்கம் என்றால் வேறு பேச்சே இல்லை. ஆனால் ஏற்றிய அணுக்களும் அதே ரிபாவிரினில்தான் ஊறும். அளவைக் குறைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடியவர்களுக்கு அளவுக்கு மீறி ஏற்றினால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

இரும்புச்சத்து மாத்திரையை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அழிந்த அணுக்களின் இரும்பு உடலுக்குள்ளேயே இருக்கிறது. இந்த நோயில் கல்லீரலில் இரும்பு மிகுந்திருப்பதும் உண்டு. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

இன்னும் இரண்டு இடங்களில் ஏமாறலாம். அணுக்கள் அழிவதால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சற்று ஏறிக் கண் மஞ்சளாகலாம். கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத மறைமுகப் பிலிருபின் மட்டும் ஏறியிருந்தால் அதைக் கல்லீரல் மோசமானதாக நினைத்துப் பதற வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் விடவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து காட்டும். விரல்நுனிச் சோதனையை நம்ப வேண்டும்.

எல்லா அசதியும் ரத்தசோகை அல்ல. ரிபாவிரின் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது வேளையை இரவுக்குத் தள்ளாமல் மாலைச் சிற்றுண்டியோடு எடுத்தால் சிலருக்கு இரவு நிம்மதி. படியேறும்போது மட்டும் மூச்சு வாங்கிப் படபடத்தால் ஹீமோகுளோபினைச் சந்தேகிக்கலாம். காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தால் முதலில் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். மருந்து முடிந்து 4 முதல் 8 வாரத்துக்குள் ஹீமோகுளோபின் பழைய நிலைக்கு வரும். வராவிட்டால் ரிபாவிரின் அல்லாத காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.