குரூட்பெர்க் லாட்ஜ், நமீபியா: காமிராவும் துப்பாக்கியும் ஒரே நிலத்தில்

நமீபியாவின் குனேனே பகுதிக்குப் போகிறவர்கள் குரூட்பெர்க் லாட்ஜில் இரண்டு இரவாவது தங்குங்கள். எட்டென்டேகா மேட்டு நிலத்தின் விளிம்பில், கிளிப் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கல்லும் கூரைப்புல்லுமாகக் கட்டிய குடில்கள். ஏற்றம் மிகச் செங்குத்து. சிறிய கார் வைத்திருப்பவர்கள் அதை அடிவாரத்தில் நிறுத்தினால் லாட்ஜ் வண்டியே மேலே கொண்டுபோய்விடும்.

2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் எழுந்த இந்த லாட்ஜ், அந்த நிலத்தில் ஆடுமாடு மேய்க்கும் மக்கள் காட்டு விலங்குகளைப் பராமரிக்கச் சேர்ந்து நடத்தும் ‘கன்சர்வன்சி’ அமைப்புக்கே முழுச் சொந்தம். எங்கள் வழிகாட்டியும் உணவு பரிமாறிய பெண்ணும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். கறுப்புக் காண்டாமிருகத்தைத் தேடி விடியுமுன் கிளம்பினோம். தடம் பார்ப்பவர்கள் முன்னால் நடக்க, காற்றுக்கு எதிர்த்திசையில் பேச்சில்லாமல் பின்தொடர்ந்தோம். கைபேசியில் இடம் பதிவாகும் வசதியை அணைக்கச் சொன்னார்கள். படத்தை வைத்துக் கள்ளவேட்டைக்காரர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது. இந்த அக்கறைக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பயணத்தை ஏற்பாடு செய்த முகவர், “அங்கே வேட்டையே கிடையாது” என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார். அது உண்மையல்ல. இதே கன்சர்வன்சி, கொம்புக்காகவும் தந்தத்துக்காகவும் பணம் கட்டிச் சுடும் டிராஃபி வேட்டைக்காரர்களிடமிருந்தும் வருமானம் பெற்றிருக்கிறது. வழிகாட்டி இதை மறைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் யானை உடைத்தால் நஷ்டம் யாருக்கு, ஆட்டைச் சிங்கம் அடித்தால் யார் பட்டினி என்று பொறுமையாக விளக்கினார்.

ஊர்மக்கள் வேட்டையிலிருந்து வருமானம் பெற 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் அடிப்படை. அதுவரை இத்தகைய பொது மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்கு அரசின் சொத்து. மக்களுக்கு அது தொல்லை மட்டுமே. அதற்குப் பின் விலங்குகளைக் கணக்கெடுத்து அரசு அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் வேட்டை நடக்கிறது. கட்டணம் கன்சர்வன்சிக்கு, இறைச்சி ஊருக்கு. காவலர்களின் சம்பளமும் இந்த வருமானத்திலிருந்துதான். 1990களின் நடுவில் நாடு முழுவதும் ஏழாயிரத்துச் சொச்சமாக இருந்த யானைகள் இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. காரணம் வேட்டை மட்டுமே என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலங்கால் பயனடையும் ஊர் அதற்கு விஷம் வைக்காது என்பதை நம்புகிறேன்.

லாட்ஜ் எல்லா இடத்திலும் ஓடாது. குரூட்பெர்க்குக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மொப்பானி மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத சமவெளிக்கு எந்தச் சுற்றுலாப் பயணி வருவார்? வேட்டைக்காரர் வருவார்; அவருக்கு நல்ல சாலையோ நீச்சல்குளமோ தேவையில்லை. நமீபியக் கன்சர்வன்சிகளைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வும், சுற்றுலா நின்றால் ஏற்படும் பாதிப்பைவிட வேட்டை நின்றால் அதிகக் கன்சர்வன்சிகள் செலவைச் சமாளிக்க முடியாமல் தவிக்கும் என்றே கணித்தது.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் ஃபூர்ட்ரெக்கரின் சாவை என்னால் ஏற்க முடியவில்லை. பாலைவன யானைகளில் பேர்பெற்ற முதிய களிறு அது. 2019இல் ‘தொல்லை விலங்கு’ என்று அறிவித்து, பணம் கட்டிய வேட்டைக்காரர் அதைச் சுட அனுமதித்தார்கள். பாலைவனத்தில் நீர் எங்கே கிடைக்கும் என்று அறிந்த மூத்த களிறுகள் மிகச் சில. அவற்றை விலைப்பொருளாக்கும் வழி திறந்திருக்கும் வரை, ‘முறைப்படுத்திய வேட்டை’ என்ற பேச்சை அரைமனதோடுதான் கேட்பேன்.

தங்குவதற்கு மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். திறந்த வண்டியில் விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளிச் சட்டை அவசியம். நமீபிய லாட்ஜ்களில் ஓரிக்ஸ், குடு போன்ற மான் வகை விலங்குகளின் இறைச்சி சாதாரணம் என்பதால் சைவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் காண்டாமிருக நடையைத் தவிர்த்து, யானைகளைத் தேடி வண்டியில் போகலாம். வேட்டையைப் பற்றி வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள்.