மூடிய பீர் ஆலையில் மறுபடி யார் பீர் காய்ச்சுவது?

பெரிய பீர் ஆலை ஒன்று மூடப்படும் ஊரில் இரண்டு பேச்சுகள் ஒன்றாகக் கிளம்பும். ஊர் நடுவில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தை என்ன செய்வது என்பது ஒன்று. புதிதாக முளைத்துவரும் கிராஃப்ட் பீர்க்காரர்களுக்கு, அதாவது சின்ன அளவில் சொந்தமாகக் காய்ச்சுபவர்களுக்கு, இடம் எங்கே என்பது இன்னொன்று. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால் போதும், பெரிய ஆலையைத் துண்டுபோட்டுச் சின்னவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. நடந்ததை ஊர் ஊராக எடுத்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

இங்கே மூன்று ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். அமெரிக்காவின் மில்வாக்கியில் பாப்ஸ்ட் ஆலை, டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பேர்ல் ஆலை, லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் ராம் ஆலை. மூன்றும் மூடப்பட்டு, மூன்றும் வேறு வேறு வழியில் புது வாழ்வு பெற்றவை. என் அளவுகோலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வளாகத்தில் மறுபடி பீர் காய்ச்ச ஒருவருக்கு இடம் கிடைத்ததா? கிடைத்த இடத்தில் அவர் நிலைக்க முடிந்ததா?

அதற்கு முன் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆலைகள் பலவற்றில் வேலையைப் புவியீர்ப்பே பார்த்துக்கொண்டது. தானியத்தை ஒரேயடியாக உச்சி மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அப்புறம் எல்லாம் இறக்கம்தான். மேலே அரைவை, அதற்குக் கீழே மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, வெந்நீரில் ஊறவைக்கும் தொட்டி, அதற்கும் கீழே செம்புக் கொப்பரை, அடியில் குளிர்ந்த நிலவறை. அதனால் கட்டடம் கோபுரம் மாதிரி உயர்ந்து நிற்கும். பக்கத்தில் ஜன்னலே இல்லாத தானியக் குதிர்கள். பெரிய கொப்பரையை முழுசாக வாசல் வழியே வெளியே கொண்டுவர முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இன்றைய சின்ன ஆலைக்காரருக்கு வேண்டியது கிட்டத்தட்ட நேர் எதிர். எல்லாம் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கூரை உயரமாகவும், லாரி ஒட்டி நிற்கும்படி வாசலும் வேண்டும். தரையில் சாய்வும் வடிகாலும் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட வேலை ஓடாது. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் எடை ஒரு டன்னைத் தாண்டும். பழைய மாடித் தளங்கள் அதைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பீருக்கு நாலு முதல் ஆறு லிட்டர் தண்ணீர் செலவாகும், சின்ன இடங்களில் அதற்கு மேலும் போகும். அந்த மிச்சத் தண்ணீர் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து சாக்கடைக்குப் போவதால், அதைச் சுத்திகரிக்க மாநகராட்சிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டி வரலாம். ஈரச் சக்கை புளிப்பதற்குள் மாட்டுத் தீவனத்துக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். காய்ச்சும் நாளில் மால்ட் வாசனை தெரு முழுக்க வீசும். எனக்கு அது பிடிக்கும், மேல் மாடியில் விலை கொடுத்து வீடு வாங்கியவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. இதற்கெல்லாம் மேலே, வாடகை குறைவாக இருக்க வேண்டும்.

சரி, மில்வாக்கிக்குப் போவோம். பாப்ஸ்ட் 1844இல் ஜேக்கப் பெஸ்ட் தொடங்கியது. அவருடைய மகன் பிலிப்பின் மருமகன் ஃபிரெட்ரிக் பாப்ஸ்ட் காலத்தில் நாட்டின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. 1996இல் மூடினார்கள். நகர மையத்தின் ஓரத்தில் சுமார் 20 ஏக்கர், இரண்டு டஜனுக்கு மேல் கட்டடங்கள், அத்தனையும் பூட்டு.

அந்த இடத்துக்கு இரண்டு திட்டங்கள் போட்டி போட்டன என்று சொல்லலாம். முதலில் வந்தது பாப்ஸ்ட்சிட்டி. சினிமா, இசை அரங்கு, விளையாட்டு மையம் என்று பிரம்மாண்டமான கேளிக்கை வளாகம். மதிப்பு 31.7 கோடி டாலர், நகரத்திடம் கேட்டது 4.1 கோடி. ஊரே இரண்டு பட்டு விவாதித்தது. 2005இல் நகர மன்றம் அதை நிராகரித்தது. அப்போது பலர் வருத்தப்பட்டார்கள். நான் அந்த முடிவைச் சரியென்றே நினைக்கிறேன். ஒரே அடியில் 20 ஏக்கரையும் நிரப்பப் பார்க்கும் திட்டத்தில் ஒரு பெரிய வாடகைதாரர் விலகினாலே மொத்தமும் ஆட்டம் காணும்.

அடுத்த வருடம் ஜோசப் சில்பர் அந்த இடத்தை வாங்கினார். அவருக்கு வயது 88. மில்வாக்கியிலேயே வளர்ந்து, கட்டுமானத் தொழிலில் பணம் சேர்த்தவர். அவருடைய வழி வேறு. முதலில் சாலை, குழாய், மின்சாரம், கட்டடங்களில் இருந்த நச்சுப் பொருள்களை அகற்றுவது. நகரத்தின் 2.9 கோடி டாலர் வரிநிதி இந்த மாதிரி அடிப்படை வேலைகளுக்குப் போனது. அப்புறம் கட்டடங்களை ஒவ்வொன்றாக வேறு வேறு ஆட்களுக்கு விற்றது. ஒரு கட்டடம் அலுவலகம் ஆனது, ஒன்று குடியிருப்பு, பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரக் கல்லூரிக்கும் இடம் கிடைத்தது. சில்பர் 2010இல் இறந்தார், முழுசாக முடிந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் திட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் அது ஒரே ஆளின் மேல் நிற்கும்படி அமைக்கப்படவில்லை.

பழைய காய்ச்சும் கூடம் 2013இல் ஹோட்டலாகத் திறந்தது. உள்ளே போனால் ஆறு செம்புக் கொப்பரைகள் அப்படியே வரிசையில் நிற்கின்றன. மேலே கண்ணாடி ஓவியத்தில் பீரின் அரசன் என்று கதைகளில் வரும் காம்ப்ரினஸ். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்தக் கொப்பரைகளில் ஒரு சொட்டும் கொதிப்பதில்லை.

பீர் திரும்பி வந்ததா என்றால், வந்தது. 2017இல் பாப்ஸ்ட் நிறுவனமே அந்த வளாகத்தின் பழைய தேவாலயக் கட்டடத்தில் ஒரு சின்ன ஆலையும், பீரை அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் டேப்ரூமும் திறந்தது. 2020இல் மூடிவிட்டது. பெருந்தொற்று வருடம் என்பதால் இடத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஊரின் மற்ற கிராஃப்ட் ஆலைகள் எங்கே வேர் விட்டன என்று பாருங்கள். ஸ்ப்ரெக்கர் ஆலையைத் தொடங்கியவர் பாப்ஸ்டில் மேற்பார்வையாளராக இருந்து வேலை போனவர். 1985இல் சொந்தமாக ஆரம்பித்தார். லேக்ஃப்ரண்ட் 1987இல் தொடங்கி, பின்னர் ஆற்றங்கரையில் நிலக்கரியில் ஓடிய பழைய மின் நிலையக் கட்டடத்துக்குப் போனது. பெரிய ஆலையிலிருந்து ஊரின் கிராஃப்ட் பீருக்குக் கிடைத்தது வேலை தெரிந்த ஆட்கள்தான். கட்டடத்தை அது வேறு எங்கோ தேடிக்கொண்டது.

சான் அன்டோனியோவின் பேர்ல் கதைக்கும் பாப்ஸ்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கடைசிக் காலத்தில் இரண்டு ஆலைகளும் ஒரே உரிமையாளரின் கையில் இருந்தன. 1996இல் மில்வாக்கி மூடியது, 2001இல் பேர்ல் மூடியது. ஒரே மாதிரி முடிவு, ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு.

பேர்லை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எம்மா கோலர். கணவர் ஓட்டோ 1914இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஆலைப் பொறுப்பைத் தன் கையில் எடுத்தவர். மதுவிலக்குக் காலம் முழுக்க ஆலையை மூடாமல், சாராயச் சத்தில்லாத பானம், ஐஸ், ஐஸ்கிரீம், துணி வெளுப்பு, வண்டிப் பழுது என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்து ஆட்களைக் காப்பாற்றினார். இன்று அங்கிருக்கும் ஹோட்டலுக்கு அவர் பெயர்தான். 1894ஆம் வருடக் காய்ச்சும் கூடத்தில் 146 அறைகளோடு 2015இல் திறந்தார்கள்.

ஆலை இடத்தை வாங்கியது கிட் கோல்ட்ஸ்பரியின் நிறுவனம். சல்சா என்ற காரச் சட்னி செய்யும் தொழிலை நூறு கோடி டாலருக்கு மேல் விற்ற பணம் அவரிடம் இருந்தது. வங்கிக் கடனின் நெருக்கடி இல்லாதவரால் மட்டுமே முடிகிற ஒன்றை அவர் செய்தார்: அவசரப்படாமல் காத்திருந்தார். வாங்கியதற்கும் ஹோட்டல் திறந்ததற்கும் நடுவே பத்து வருடத்துக்கு மேல். அதற்குள் சமையல் கல்லூரி வந்தது. 2009இல் உழவர் சந்தை தொடங்கியது, அதே வருடம் ஆற்றோர நடைபாதை பேர்ல் வரை நீண்டது. ஹோட்டல் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்களுக்கு சனிக்கிழமை காலையில் அங்கே போகும் பழக்கம் வந்துவிட்டது. இந்த வரிசைதான் பேர்லின் பலம் என்பேன். காய்கறி வாங்கப் போன இடத்தில்தான் அப்புறம் வீடும் கடையும் வந்தன.

பீர்? ஹோட்டல் இருக்கும் அதே கூடத்தின் ஒரு பகுதியில் 2015இலேயே சௌதர்லி என்ற உணவகம் தன் சொந்த ஆலையோடு திறந்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அது உணவகம். பீரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே சாப்பாட்டோடு கிளாஸில் விற்பவருக்கு லிட்டருக்கு லாபம் அதிகம், அந்த வாடகையைத் தாங்கும். டப்பாவில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பும் ஆலைக்கு பேர்ல் மாதிரி ஓர் இடம் கட்டுப்படியாகாது. அதோடு பேர்லின் வெற்றி அக்கம்பக்கத்து நில மதிப்பையும் ஏற்றிவிட்டது. பழைய குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு அதன் சுமை இன்னும் இறங்கவில்லை. பேர்லைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை.

மூன்றாவது, ராம். 1581 முதல் அந்த இடத்தில் பீர் காய்ச்சிய பதிவு உண்டு. ஆலையை நடத்திவந்த யங்ஸ் நிறுவனம் 2006இல் காய்ச்சும் வேலையை பெட்ஃபோர்டுக்கு மாற்றிவிட்டு, இடத்தை 6.9 கோடி பவுண்டுக்கு விற்றது. அந்த விலைக்கு வாங்குபவர் அடுக்குமாடி கட்டாமல் வேறு எதையும் கட்ட முடியாது. நிலத்தின் விலையே திட்டத்தை எழுதிவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் இங்கே ஒன்று நடந்தது. ஆலை மூடிய பிறகு, அங்கே வேலை பார்த்த ஜான் ஹாட்ச் என்பவர் வளாகத்திலேயே தங்கினார். பெரிய தொட்டிகள் போய்விட்டன. கிடைத்த உதிரிச் சாமான்களை வைத்து ஒரு சின்ன அடுப்பும் தொட்டியும் அமைத்து, வாரம் ஒருமுறையாவது காய்ச்சினார். விற்பதற்கு இல்லை. 1581இலிருந்து வந்த தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. சுற்றிலும் கிரேன் நிற்கிறது, உரிமையாளர் கை மாறுகிறது, கட்டடத்தை எடுப்பதா விடுவதா என்று வழக்கும் விசாரணையும் போகின்றன. அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் மால்ட்டை ஊறவைத்துக்கொண்டிருக்கிறார். வருடக்கணக்கில்.

இதனால் பலன் கிடைத்தது. 2021இல் சாம்புரூக்ஸ் என்ற கிராஃப்ட் ஆலை, 2008 முதல் பக்கத்து பேட்டர்சீயில் இருந்தது, ராம் வளாகத்துக்குக் குடிவந்தது. நீராவியில் ஓடிய பழைய எந்திரங்கள் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தோடு சேர்த்து ஒரு சின்ன அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். இங்கே வந்தது உணவகத்தின் ஓரத்தில் ஓர் அடுப்பு என்ற அளவில் இல்லை. உண்மையான ஆலை.

சிட்னியின் கென்ட் ஆலையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 2005இல் மூடி, செடிகள் தொங்கும் உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்தன, புகைபோக்கி நின்றது, பழைய ஆலைக் கட்டடம் வளாகத்துக்கு ஆற்றல் தரும் நிலையமானது. கட்டடக் கலையாக நன்றாக இருக்கிறது, பீர் பேச்சுக்கு அங்கே வேலையில்லை.

இப்போது மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஊருக்கு நல்லது என்ற கணக்கில் பேர்லைத்தான் முதலில் வைப்பேன். ஆனால் அது நகல் எடுக்க முடியாத வழி. பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கும் கோடீஸ்வரர் எல்லா ஊருக்கும் கிடைக்க மாட்டார். அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி நகர மன்றம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் கூரைதான் ஒழுகும். சாதாரண ஊருக்குப் பொருந்துவது மில்வாக்கி வழி. பொதுப் பணத்தைச் சாலைக்கும் சாக்கடைக்கும் கொடுப்பது, கட்டடங்களைப் பல கைகளுக்குப் பிரிப்பது. ஒருவர் தோற்றாலும் பக்கத்துக் கட்டடம் ஓடும்.

கிராஃப்ட் பீர் என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் ராம்தான் முன்னால் நிற்கிறது, அதுவும் மூன்றிலும் அதிக விலை போன நிலத்தில். ஆலைக்கு இடம் உண்டு என்பது திட்டத்திலேயே இருந்தது, காய்ச்சும் பழக்கத்தை ஓர் ஆள் உயிரோடு வைத்திருந்தார். ஹோட்டலும் வீடும் அலுவலகமும் நிரம்பிய பிறகு மிச்சமிருக்கும் மூலையைப் பீர்க்காரருக்குக் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது வடிகால் இல்லாத, லாரி வராத, வாடகை மிகுந்த மூலையாகவே இருக்கும்.

அதனால் ஓர் ஊர் என்னிடம் கேட்டால், மில்வாக்கி மாதிரி பிரித்துக் கொடுங்கள், ஆனால் விற்பனைப் பத்திரம் எழுதும் முன்பே ஒரு கட்டடத்தைத் தனியாக எடுத்துவையுங்கள் என்பேன். செம்புக் கொப்பரை நிற்கும் அழகான கூடம் ஹோட்டலுக்குப் போகட்டும். பின்பக்கம் லாரி வரும், பார்வைக்குச் சுமாரான, பாட்டில் அடைத்த கூடமோ பண்டகசாலையோ போதும். பொதுப் பணத்தில் சாக்கடை போடும்போதே அதன் தரையையும் சாய்த்து வடிகால் வைத்துவிட வேண்டும். பின்னால் தரையை உடைத்துச் செய்வதென்றால் சின்ன ஆலைக்காரரின் மொத்த முதலும் அதிலேயே போய்விடும். குத்தகை பதினைந்து வருடமாவது இருக்கட்டும், வாடகை ஏற்றம் முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். அந்தக் கட்டடத்துக்கு நேர் மேலே படுக்கையறை வரக் கூடாது.