கை-வர்க்கமா, ஃபிஷரா?

ஒரு கருத்துக்கணிப்பில் 'ஆம்' என்றவர்கள்: ஆண்கள் 200 பேரில் 120, பெண்கள் 200 பேரில் 100. இந்த இடைவெளி நிஜமா, மாதிரி எடுத்ததில் தற்செயலாக வந்ததா?

புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900இல் தந்த கை-வர்க்கச் (chi-square) சோதனை இதற்குப் போதும். வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இரு பிரிவிலும் 110 பேர் 'ஆம்' சொல்லியிருக்க வேண்டும். உண்மை எண்ணிக்கை அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அது பார்க்கிறது. இங்கே விடை சுமார் 4.04. 5 சதவீத மட்டத்துக்கான எல்லை 3.84, அதாவது வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக இதைத் தாண்ட 5 சதவீத வாய்ப்புதான். மயிரிழையில் தாண்டிவிட்டது, கொண்டாட அவசரம் வேண்டாம்.

ஆனால் இது தோராயக் கணக்கு. அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் (உதாரணமாக 'ஆம்' சொன்ன பெண்கள்) எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் கீழே போனால் நான் புள்ளியியலாளர் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்கு மாறிவிடுவேன். அது வரிசை, நிரல் மொத்தங்களை மாற்றாமல், வரக்கூடிய எல்லா அட்டவணைகளின் நிகழ்தகவையும் நேரடியாகக் கணக்கிடும். ஃபிஷரின் பிரபலமான தேநீர்ச் சோதனையில் (முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்ல வேண்டும்), 8 கோப்பைகளில் பால் முதலில் ஊற்றிய 4ஐயும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70இல் 1. துல்லியச் சோதனையின் குறை என்னவென்றால் ரொம்பக் கறார். இருக்கும் வித்தியாசத்தையும் சில சமயம் விட்டுவிடும்.

அப்புறம், எடையிட்ட கருத்துக்கணிப்பு (சிலர் பதிலுக்குக் கூடுதல், சிலர் பதிலுக்குக் குறைவான மதிப்பு தருவது) என்றால் இரண்டையுமே அப்படியே போடக்கூடாது. அதற்கேற்பக் கை-வர்க்க விடையைச் சரிசெய்ய ராவ்-ஸ்காட் திருத்தம் இருக்கிறது.