போட்டோஷாப் ஜெனரேட்டிவ் ஃபில்: கல்யாண ஆல்பம் வேலைக்கு எவ்வளவு உதவும்?

நான் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவன். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துப் போட்டோகிராஃபர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். படம் தேர்வது, கலர் பார்ப்பது, பக்கம் அமைப்பது, அச்சடிக்கும் லேபுக்கு ஃபைல் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. படம் திருத்தும் மென்பொருளான போட்டோஷாப்பில், நாம் காட்டும் இடத்தை ஏஐ வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் வந்ததிலிருந்து தொழிலில் இருக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, சந்தா கட்டலாமா, கட்டினால் எந்த வேலைக்கு என்பதுதான். கட்டலாம். படத்தின் ஓரத்துக்கும் பின்னணிக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆட்கள் மேல் மட்டும் அதை விடாதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் போட்டோஷாப் 7 எவ்வளவு காலம் ஓடியது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 2002-ல் வந்த அந்தப் பதிப்பில்தான், தழும்பு, கறையைச் சரிசெய்யும் ஹீலிங் பிரஷ் முதலில் கிடைத்தது. 2010-ல் சிஎஸ்5-உடன் கன்டென்ட் அவேர் ஃபில் வந்தது. அது படத்தில் ஏற்கெனவே இருக்கும் பகுதிகளிலிருந்து எடுத்து ஒட்டும். 2023 மே மாதம் சோதனைப் பதிப்பாகவும், அதே ஆண்டு செப்டம்பரில் எல்லோருக்குமாகவும் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் வேறு வகை. படத்தில் இல்லாததைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துப் புதிதாக வரைகிறது. போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனத்தின் ஃபயர்ஃப்ளை என்ற ஏஐ மாடல் இதற்குப் பின்னால் இருக்கிறது. வேலை அவர்களுடைய சர்வரில் நடப்பதால் இணையம் இல்லாமல் ஓடாது.

எனக்கு அதிகம் பயன்படுவது மண்டபத்துக் குப்பைகளை நீக்கத்தான். மணவறைக்குப் பின்னால் தொங்கும் வயர், ஸ்விட்ச் போர்டு, வீடியோக்காரரின் லைட் ஸ்டாண்டு, ஓரத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். "அண்ணே, இந்த ஸ்டாண்டு மட்டும் போயிட்டா ஃப்ரேம் சூப்பர்" என்று போட்டோகிராஃபர் சொல்லும் படங்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் நிறைய இருக்கும். முன்பு, படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்துப் பூசும் குளோன் ஸ்டாம்ப் வைத்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டிய வேலை இது. இப்போது லாசோ என்ற தேர்வுக் கருவியால் வளைத்து, எழுதும் பெட்டியைக் காலியாக விட்டு, ஜெனரேட் அழுத்தினால் மூன்று விதமாகக் கொடுக்கிறது. பெட்டியில் ஒன்றும் எழுதாமல் விடுவது முக்கியம். எழுதினால் எதையாவது கொண்டுவந்து வைக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது வெறும் சுவர்தானே.

பொருளின் நிழலையும் சேர்த்து வளைக்க வேண்டும். மண்டபத்து கிரானைட் தரை பளபளவென்று இருந்தால் அதில் தெரியும் பிரதிபிம்பத்தையும் சேர்க்க வேண்டும். ஸ்டாண்டை மட்டும் வளைத்து நிழலை விட்டால், இங்கே ஏதோ ஒன்று நிற்க வேண்டும் என்று எண்ணி அந்த நிழலுக்குப் பொருத்தமாக எதையாவது வரைந்துவிடும். "இதுக்குச் சொன்னது புரியலை" என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் நிழலை விட்டவர்கள்தான்.

அடுத்தது ஆல்பம் டிசைனருக்கென்றே செய்ததுபோல் அமைந்த உதவி. 12-க்கு 36 அங்குல ஷீட்டில் நடுவில் மடிப்பு விழும். நல்ல படம், ஆனால் பெண்ணின் முகம் சரியாக அந்த மடிப்பில் உட்காருகிறது. முன்பெல்லாம் படத்தைச் சிறிதாக்குவோம், இல்லையென்றால் மனமில்லாமல் வேறு படம் தேடுவோம். இப்போது, படத்தை அதன் ஓரத்தைத் தாண்டி வரைந்து நீட்டும் ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்டில் ஒரு பக்கம் இரண்டு மூன்று அங்குலம் நீட்டினால் ஜோடி மடிப்பை விட்டு நகர்ந்துவிடும். தலைக்கு மேல் இடமில்லாமல் எடுத்த படத்துக்கும் இதே வழிதான். பந்தல் துணி, மண்டபச் சுவர், தென்னங்கீற்று, வானம் என்றால் நீட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் எவ்வளவு நீட்டலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்த வசதி வந்தபோது ஒரு முறைக்கு 1024-க்கு 1024 பிக்சல்தான் உருவாக்கிக் கொடுத்தது. வளைத்த இடம் அதைவிடப் பெரிதென்றால் அதையே இழுத்துப் பெரிதாக்கிப் பொருத்திவிடும். நாம் அச்சடிப்பது 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல். 1024 பிக்சல் என்பது ஷீட்டில் சுமார் 3.4 அங்குலம். மொத்த ஷீட் 3600-க்கு 10800 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கையாக எடுத்த படம் 6000 பிக்சல் அகலம், அதாவது 20 அங்குலம். மீதி 16 அங்குலத்தையும் ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்டே நிரப்பட்டும் என்று விட்டால் பக்கத்துக்கு 8 அங்குலம், 2400 பிக்சல். மானிட்டரில் முழு ஷீட்டையும் சுருக்கிப் பார்க்கும்போது அழகாக இருக்கும். அச்சாகி வந்தால் நடுவில் ஜோடி கூர்மையாகவும் இருபுறமும் மெழுகு பூசியதுபோலவும் தெரியும். பிறகு வந்த மாடல்கள் இந்த விஷயத்தில் முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் நூறு சதவீதப் பெரிதாக்கலில் பார்க்காமல் எதையும் லேபுக்கு அனுப்பாதீர்கள். என் வழக்கம், தேவையான அளவு மட்டும் நீட்டி, மீதியைச் சேலையின் நிறத்திலேயே வெறும் பரப்பாக விடுவது. அதிகம் நிரப்பாத பக்கம் பார்க்கவும் நிம்மதியாக இருக்கும்.

சாயங்கால வரவேற்புப் படங்களில் கேமராவின் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறி, நாய்ஸ் என்கிற புள்ளி தட்டியிருக்கும். புதிதாக வரைந்த இடத்தில் அந்தப் புள்ளி இருக்காது, வழவழவென்று நிற்கும். அதன்மேல் சிறிது நாய்ஸ் சேர்த்து அக்கம்பக்கத்தோடு ஒத்துவரச் செய்ய வேண்டும். இது நம் கண்ணால் செய்யும் வேலை.

வேலையின் எந்தக் கட்டத்தில் இதைத் தொடுகிறோம் என்பதிலும் நேரம் மிச்சமாகும். முதலில் தேர்வு. அப்புறம் ரா ஃபைலில் (கேமரா பதிந்த மூல ஃபைல்) டீநாய்ஸ் எனும் புள்ளி நீக்கம், கலர். அப்புறம் பக்க அமைப்பு. அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டிவ் ஃபில். பக்கம் அமைந்தபின்தான் எந்தப் படத்தில் எந்த ஓரம் தேவை, எது வெட்டில் போய்விடும் என்பது தெரியும். தேர்வு முடிந்ததுமே எல்லாப் படத்தையும் சுத்தம் செய்ய உட்காருகிறவர்கள், ஷீட்டில் வராத மூலைகளுக்காக, ஜெனரேட் அழுத்தும்போது கழியும் மாதக் கிரெடிட்டைக் கரைத்துக்கொள்கிறார்கள். சந்தாவோடு வரும் கிரெடிட்டுக்கு மாத அளவு உண்டு. முகூர்த்த மாதத்தில் அது தீர்ந்தால் பழையபடி தேய்த்துக் கைதான் நோகும். உருவாக்கியது தனி லேயராக (படத்தின் மேல் தனி அடுக்காக), மூன்று வடிவங்களோடும் நிற்பது பெரிய வசதி. போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் பெருத்துப்போகும், போகட்டும். ஆல்பம் டெலிவரி ஆகும்வரை அந்த லேயரை மெர்ஜ் செய்து படத்தோடு கலந்துவிடாதீர்கள். வீட்டார் "அந்த விளக்கு எங்கே?" என்று கேட்டால் ஒரு கிளிக்கில் திருப்பிக் கொடுக்கலாம்.

எதற்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். புள்ளிக்கோலத்தை நீட்டச் சொல்லாதீர்கள். காஞ்சிபுரம் பட்டின் பார்டரை, கையில் அணியும் வங்கி நகையை, நெத்திச்சுட்டியை, அழைப்புப் பலகையில் இருக்கும் தமிழ் எழுத்தை இதன் கையில் கொடுக்காதீர்கள். இது இந்த ஒரு மென்பொருளின் குறை இல்லை. படம் உருவாக்கும் மாடல்கள் பொதுவாகவே தோற்றத்தைத்தான் பிடிக்கின்றன. கோலத்தில் எத்தனை புள்ளி, கம்பி எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பும் என்ற கணக்கு அவற்றுக்கு இல்லை. தூரத்திலிருந்து கோலம்போல் இருக்கும். அதைப் போட்ட அத்தை பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். பார்டரில் அன்னமும் யாளியும் இருந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வரும். அந்தப் புடவையைக் கடை கடையாக ஏறி எடுத்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அன்னம் வேண்டும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண் மூடிய மாப்பிள்ளைக்குக் கண் திறக்க வைப்பது, சிரிக்காத பாட்டியைச் சிரிக்க வைப்பது, நிற்காதவரை நிற்க வைப்பது எல்லாம் இன்று முடியும். 2025 செப்டம்பரில் போட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில் கூகுளின் ஜெமினி, ஃபிளக்ஸ் போன்ற வெளி மாடல்களையும் தேர்ந்தெடுக்க வழி வந்தது. முகத்தோடு விளையாடுவது இன்னும் எளிதாகிவிட்டது. நான் செய்வதில்லை. கண் மூடியிருந்தால் அதே வரிசையில் அடுத்த ஃபிரேமில் திறந்திருக்கும். அந்த முகத்தை எடுத்து வைப்பேன், அது அவருடைய கண். மாடல் வரைவது அவரைப் போன்ற இன்னொருவரின் கண். ஒரு தலைமுறை கழித்து அந்த வீட்டுப் பேரப்பிள்ளை "கொள்ளுப்பாட்டி இப்படித்தான் இருப்பாங்களா?" என்று கேட்கும்போது ஆல்பம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறைந்த அப்பாவை மணமேடையில் சேர்க்கக் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். "தம்பி, அவர் இருந்திருந்தா இங்கதான் நின்னிருப்பார்" என்று ஓர் அம்மா சொல்லும்போது மறுத்துப் பேச வராது. மறுக்கவும் வேண்டாம். பழைய ஆல்பத்திலிருந்து அவருடைய உண்மையான படம் ஒன்றைக் கேட்டு வாங்குவேன். அதை நன்றாக ஸ்கேன் செய்து, கீறல், கறையைச் சரிபண்ணுவேன். ஜெனரேட்டிவ் ஃபில்லை அந்தப் படத்தின் கிழிந்த ஓரத்துக்கு மட்டும் பயன்படுத்துவேன். பிறகு தாலி கட்டும் ஷீட்டுக்கு எதிர்ப் பக்கத்தில் அவருக்கென்று முழு இடம். இதுவரை யாரும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

உரிமை பற்றி. அடோபி ஸ்டாக்கில் உரிமம் பெற்ற படங்களையும் காப்புரிமை முடிந்தவற்றையும் வைத்து ஃபயர்ஃப்ளையைப் பழக்கியதாக அந்த நிறுவனம் சொல்கிறது. வாடிக்கையாளர்களின் படங்களை அதற்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் அதன் பயன்பாட்டு விதிமுறை பற்றிச் சர்ச்சை எழுந்தபோது தெளிவுபடுத்தியது. அதற்கு முன், ஏப்ரலில், பயிற்சிப் படங்களில் சுமார் 5 சதவீதம் வேறு ஏஐ கருவிகளில் உருவானவை என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. அப்படியிருந்தும் தொழிலில் பயன்படுத்த மற்ற பலவற்றைவிட ஃபயர்ஃப்ளையே எனக்குத் தெம்பாக இருக்கிறது. ஆனாலும் படம் சர்வருக்குப் போய் வருகிறது என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுகிறேன். "பின்னணியில் இருக்கிற வயர், ஸ்டாண்டு எல்லாம் கம்ப்யூட்டர் உதவியோடு எடுப்போம், ஆட்களை மாற்ற மாட்டோம்" என்று என் கொட்டேஷனிலேயே ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் சிலர் என்னிடம் வேலையே கொடுக்கிறார்கள்.

சந்தா கட்ட முடியாதவர்களுக்கும், படம் வெளியே போகவே கூடாது என்பவர்களுக்கும் கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் ஏஐ டிஃப்யூஷன் என்ற இலவச பிளக்இன் (துணைக் கருவி) இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் மாடலை நம் கணினியிலேயே ஓட்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், அமைத்துப் பழகக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். மண்டபச் சுவர் நீட்டும் வேலைக்கு அதுவே போதும். போட்டோஷாப்பில் கட்டிய ஷீட்டை அங்கே திறக்காமல், வேண்டிய படத்தை மட்டும் தனி ஃபைலாகக் கொண்டுபோய் முடித்துத் திரும்பக் கொண்டுவருவது சுலபம்.