பருவக்காற்றுக் காலத்தில் பினாங்கு, புக்கெட் கப்பல் பயணம்: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட்டையும் தொட்டுவிட்டு மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் குறுகிய உல்லாசக் கப்பல் பயணங்களைக் கொழும்புப் பயண முகவர்கள் பலர் விற்கிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதும், தங்குமிடம், சாப்பாடு, ஆட்டபாட்டம் எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் அடங்கிவிடுகின்றன என்பதும் இதற்கான காரணங்கள். கட்டணம் மிகவும் குறைந்திருப்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். எங்கள் கூட்டத்தில் ஓர் ஆசிரியை இருப்பதால் ஓகஸ்ட் விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே அந்த மாதத்தில்தான் நண்பர்கள் அறுவரும் போனோம். புறப்படுவதற்கு முந்திய கிழமை காலிமுகத்திடலில் அலை மதிலில் மோதித் தெறிப்பதைப் பார்த்து இருவர் தயங்கினார்கள் என்றாலும், கட்டிய பணம் திரும்பாது என்ற நிபந்தனை அவர்களையும் விமானத்தில் ஏற்றிவிட்டது. கப்பலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி இந்தப் பாதையில் ஓடும் எந்தக் கப்பலுக்கும் பொருந்தும்.

இந்தப் பாதையின் கடல் முழுவதும் ஒரே மாதிரியானதன்று. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை கப்பல் மலாக்கா நீரிணைக்குள் ஓடுகிறது. மேற்கே சுமாத்திரா நீளக் கிடந்து காற்றையும் அலையையும் மறித்துக்கொள்வதால், அதிகாலை வேளைகளில் திடீரென்று வந்துபோகும் மழைக்காற்றைத் தவிர அங்கே பெரிய தொந்தரவு இல்லை. பினாங்கைத் தாண்டி வடமேற்கே திரும்பியதும் நிலைமை மாறிவிடுகிறது. சுமாத்திராவின் வடமுனைக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் இடைப்பட்ட வழியாக இந்து சமுத்திரத்தின் நெடிய அலைகள் அந்தமான் கடலுக்குள் நுழைகின்றன. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் அதே தென்மேற்குக் காற்று அவற்றைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. விளம்பரப் படங்களில் கண்ணாடி போலக் கிடக்கும் புக்கெட் கடல் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையான கடல். இதை எங்களுக்குச் சீட்டு விற்ற முகவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

அவர் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. கட்டணத்தை விட முக்கியமானது அறை கப்பலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. முகவர் மேல்தளத்தில், முன்பக்கத்தில், பல்கனியுள்ள அறைகளையே திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தார். எங்களில் ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்; அவர் கப்பலின் தளவரைபடத்தைக் கேட்டு வாங்கி, கீழ்த்தளமொன்றில் நீளவாக்கில் நடுவே வரும் அறைகளில்தான் பணம் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றார். கப்பல் முன்னும் பின்னும் தூக்கி இறங்கும்போது நடுப்பகுதி மிகக் குறைவாகவே அசைகிறது. பக்கவாட்டில் சாயும்போது உயரத்தில் இருப்பவருக்குத்தான் வீச்சு அதிகம். கீழ்த்தளத்து நடு அறை விலையும் குறைந்தது, சாளரமும் சிறியது. எங்களில் ஒரு தம்பதி மட்டும் முகவரின் சொல்லைக் கேட்டுப் பல்கனி அறை எடுத்தார்கள். காற்று பலத்த இரவில் பல்கனிக் கதவைத் திறக்க வேண்டாம் என்ற அறிவித்தல் வந்ததும், தலையணைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்கள்.

ஏறுவதும் பதிவு செய்வதும் ஒழுங்காக நடந்தன. 2012 இல் இத்தாலிக் கரையோரத்தில் கொஸ்தா கொன்கோர்தியா என்ற உல்லாசக் கப்பல் கவிழ்ந்ததன் பின்னர் உயிர்காப்பு ஒத்திகையைக் கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ முடித்துவிட வேண்டும் என்பது விதி. இங்கே அதைச் சடங்காகச் செய்யாமல், கூடும் இடத்துக்கு ஒவ்வொருவரையும் வரவைத்து, வராதவர்களை அறையில் போய்த் தேடியும் நடத்தினார்கள்.

பினாங்கு இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகல். கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நேரே கட்டப்படுவதால் படகு மாறும் வேலை இல்லை. இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஜோர்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்குள் நிற்கலாம். 2008 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நகரம் என்பதால் பழைய கடைவீடுகள் இடிபடாமல் நிற்கின்றன. 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, தமிழில் விலை பேசும் நகைக்கடை என்று புறக்கோட்டைச் செட்டியார் தெருவை அறிந்தவர்களுக்கு அந்நியமாக எதுவுமில்லை. கப்பல் விற்கும் பேருந்துச் சுற்றுலாவை வாங்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. வாங்கியவர்கள் ஒரு சொக்லேட் கடையில் நெடுநேரம் நிறுத்திவைக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

அன்றிரவுதான் கடல் குணம் காட்டியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே கப்டன் ஒலிபெருக்கியில் பேசி, காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் ஏழாம் நிலை வரை காற்று உயரும் என்றும், கைப்பிடியைப் பற்றி நடக்கும்படியும், உயர்ந்த குதிக்காலணிகளைத் தவிர்க்கும்படியும் கேட்டுக்கொண்டார். ஏழு என்றால் மணிக்கு ஐம்பது முதல் அறுபது கிலோமீற்றர் வரையான காற்று. புயலன்று, ஆனால் திறந்த தளத்தில் நிற்க முடியாது. நீச்சல் தடாகத்தின் மேல் வலை கட்டினார்கள். மாடிப்படிக் கைப்பிடிகளின் பின்னாலும் மின்தூக்கிகளின் அருகிலும் காகிதப் பைகள் செருகப்பட்டபோதுதான் சிலருடைய முகம் வெளிறியது. கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் இறக்கைகள் போல விரியும் நிலைப்படுத்திகள் பக்கச் சாய்வை நன்றாகவே அடக்கின. முன்பின்னாகத் தூக்கிப் போடுவதை அவற்றால் அடக்க முடியாது. அறையில் படுத்திருக்கும்போது அலுமாரிக்குள் வெற்றுக் கொழுவிகள் ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம், ஒரு கணம் நின்று, பிறகு எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து மறுபடியும் தொடங்கும். ஒரு துவாயை அவற்றின் இடையே சுற்றிக் கட்டிய பின்னரே தூங்க முடிந்தது.

எங்கள் கூட்டத்தில் கடல்நோயில் முதலில் விழுந்தவர், குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே படகில் போய்வந்தே வளர்ந்தேன், எனக்கென்ன என்று விமானத்திலிருந்தே பெருமை பேசிவந்தவர். அவருடைய பெருமையில் பிழையில்லை, இடந்தான் பிழை. சிறு படகில் கண் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் உடம்பு உணரும் அசைவும் கண் காணும் அசைவும் ஒத்துப்போகின்றன. சாளரமில்லாத அரங்கில், அதுவும் கப்பலின் முன்முனையில், நடன நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அசைவை உணரும் காதின் உட்பகுதி அசைகிறோம் என்கிறது, கண் இல்லையென்கிறது; அந்த முரண்பாட்டைத்தான் வயிறு தாங்குவதில்லை. (நடனக்காரர்களும் இரண்டாவது பாடலோடு நிறுத்திக்கொண்டார்கள், அதன் பின்னர் ஒருவர் உட்கார்ந்தபடியே கிற்றார் வாசித்தார்.) நடுத்தளத்து நடைக்கூடத்தில் பெரிய சாளரத்தின் அருகே அவரை அமர்த்தி, தூரத்தில் தெரிந்த மீன்பிடிப் படகுகளின் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்ன பிறகு ஓரளவு தெளிந்தார். மாத்திரையை வாந்தி தொடங்கிய பின்னர் விழுங்குவதில் பயன் குறைவு. காற்று பிடிப்பதற்கு முன்னரே போட வேண்டும். வெள்ளவத்தைப் பாமசியொன்றில் கேட்டு வாங்கிக்கொண்டுபோன சினரிசீன் மாத்திரையை நேரத்தோடு போட்டவர்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், ஒருவர் காரம்போட் கூட ஆடினார். வரவேற்புப் பீடத்தில் இலவசமாக மாத்திரையும் பச்சை அப்பிளும் உப்புப் பிஸ்கற்றும் தந்தார்கள். மருத்துவ அறையில் ஊசி போட்டுக்கொள்வதென்றால் டொலரில் தனிக் கட்டணம், அதுவும் சில்லறைத் தொகையன்று.

பணியாளர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவு ஒரு மணிக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ கேட்டால், அப்படியொன்றை அதுவரை கேள்விப்பட்டிராத இந்தோனேசிய இளைஞர் இஞ்சியைத் தேடிப்பிடித்துச் சீவிக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். அடுத்த இரவு கேட்காமலே வந்தது. சாப்பாடு ஏராளம், காரம் குறைவு. மரக்கறி உண்பவர்களுக்கு வட இந்தியப் பருப்பும் பனீரும் மாறி மாறி வரும். சோற்றோடு பிசைந்து சாப்பிட ஒரு குழம்பு வேண்டுமென்றால் கிடைக்காது. ஊறுகாயும் கட்டைச் சம்பலும் போத்தலில் கொண்டுபோனவர் மேசைக்கு மேசை அழைக்கப்பட்டார்.

நிறுவனத்தின் மீதான என் முறைப்பாடு புக்கெட்டில் தொடங்குகிறது. எங்கள் கப்பல் நங்கூரமிட வேண்டியிருந்த பத்தோங் விரிகுடா மேற்குக் கரையில், திறந்த கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே பயணிகள் சிறு படகுகளுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலை உயர்ந்தால் படகின் விளிம்பும் கப்பலின் படியும் ஒரு நேர்கோட்டில் நிற்காது, கால் வைக்கிற இடத்தில் கால் சிக்கும். காலையில் இரண்டு மணி நேரம் காத்துப் பார்த்துவிட்டுக் கப்டன் இறங்குவதில்லை என்று முடிவு செய்தார். அந்த முடிவு சரியானது, அதில் எவருக்கும் சந்தேகமில்லை. அதன் பிறகு நடந்ததுதான் சரியில்லை. அறிவித்தல் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டுமே வந்தது. கப்பலில் தமிழும் ஹிந்தியும் பேசும் முதியவர்கள் பலர் என்ன நடக்கிறதென்று தெரியாமல் பயணப்பைகளோடு வரிசையில் நின்றார்கள். கப்பல் மூலம் வாங்கிய கரைச் சுற்றுலாக்களின் பணமும் துறைமுகக் கட்டணமும் எங்கள் கப்பல் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. பயணக் கட்டணத்தில் ஒரு சதமும் குறையவில்லை. சீட்டின் பின்பக்கத்துச் சிறிய எழுத்து அதற்கு இடம் கொடுக்கிறது, சட்டப்படி அவர்கள் பக்கம் வலுவானது. ஆனால் ஓகஸ்டில் பத்தோங்கில் இறங்க முடியாமற்போகக்கூடும் என்பதை நன்றாக அறிந்த நிறுவனம், அதை விற்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். வெளியில் இணையம் மூலம் வாகனமும் படகும் பதிவு செய்திருந்த எங்கள் நண்பருக்கு அந்தப் பணம் முழுவதும் போனது.

செலவு விடயத்திலும் விளம்பரத் தொகையை நம்பிப் புறப்பட வேண்டாம். அது இருவர் ஓர் அறையைப் பகிரும்போது ஆளொன்றுக்கான தொகை. தனியே போகிறவர் ஏறத்தாழ இருமடங்கு கட்ட நேரும். பணியாளர் அன்பளிப்பு நாளாந்தம் ஆள்வீதம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். வைபை தனி, குளிர்பானம் தனி. கைபேசியை விமான நிலைக்கு மாற்றாமல் வைத்திருந்தால் கப்பலின் செய்மதி வலையமைப்பு அதைப் பிடித்துக்கொண்டு, கொழும்புக்கு வந்த பின்னர் கட்டணப் பட்டியலாகக் காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், அதே நண்பர்களோடு, அதே மாதத்தில் போகலாமா என்று கேட்டால் போகலாம் என்றுதான் சொல்வேன். கரையில் இறங்க முடியாத அந்தப் பகல் முழுவதும் ஒரு சாளரத்தடியில் கடதாசி விளையாடி, பழைய பாடல்களைச் சண்டை போட்டுப் பாடி, வேலைக்குப் போன பின்னர் ஒருவரோடொருவர் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்த்தோம். புக்கெட்டில் இறங்கியிருந்தால் கடைத்தெருவில் ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம். புக்கெட் கடற்கரைக்காகவே போகிறவர்கள் டிசம்பர் விடுமுறை வரை பொறுத்திருங்கள், கட்டணம் கூடினாலும் பரவாயில்லை. கர்ப்பிணிகளையும் நடக்கச் சிரமப்படும் பெற்றோரையும் பருவக்காற்றில் கூட்டிச்செல்ல வேண்டாம். மற்றவர்கள், தளவரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கப்பல் அறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்; முகவர் அப்படி அறை இல்லையென்று சொன்னால் நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். எங்களுக்கு அறை எண்ணை மறுநாளே மேலதிகக் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள்.