கீழக்கரை காருக்கு மதுரையில் டயர்: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது பேங்க், பத்திர ஆபீஸ் வேலைகளைவிட அதிகமாக அலைந்தது நாலு டயருக்காக. லாத்தா (அக்கா) வீட்டு மச்சான் சென்னையில் செகண்ட் ஹேண்டாக ஒரு பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் வாங்கிக் கீழக்கரையில் வைத்திருக்கிறார். டயர் நாலும் தேய்ந்து முடிந்துவிட்டன. "கார் செய்யிற ஊர்லயே இருக்க, நீயே பார்த்து வாங்கிக் கொடு" என்றார். நான் இருப்பது ஸ்டுட்கார்ட். அது பென்ஸும் போர்ஷேயும் உள்ள ஊர். பி.எம்.டபிள்யூ மியூனிக்காரன் வண்டி. சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஜெர்மனிதானே" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஜெர்மனியில் டயர் வாங்குவது ரொம்ப சுலபம். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை கோடை டயர், அப்புறம் பனிக்கால டயர். ரோட்டில் பனி இருந்தால் பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து, மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி பக்கவாட்டில் இருந்தால்தான் அதுவும் செல்லும். கழற்றிய செட்டைக் கடைக்காரரே வாடகைக்கு வைத்துக்கொள்வார். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும், பிடிப்பு போய்விடும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

ராமநாதபுரம் கரையில் 7 டிகிரி ஏது? இங்கே டயருக்கு மார்கழியும் கோடைதான். அதனால் 'ஆல் சீசன், எல்லாத்துக்கும் ஆகும்' என்று யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குளிருக்கும் சேர்த்துச் செய்த ரப்பர் கத்திரி வெயிலில் இளகும், சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடி நிற்கும். வேண்டியது கோடை டயர்தான். எந்தக் கோடை டயர் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

அந்த வண்டியில் முன்னால் 225/45 ஆர் 18, பின்னால் 255/40 ஆர் 18. அதாவது முன் டயரைவிடப் பின் டயர் அகலம், பக்கச்சுவரும் வேறு. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்கிற வழக்கமான வித்தை இதில் நடக்காது. பின் டயர்களை வெளியே நின்று பார்த்தால் இன்னும் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடு) இருப்பதுபோலத் தெரிந்தது. குனிந்து உள் விளிம்பைத் தடவியபோதுதான் வழவழவென்று இருந்தது. இந்த வகைக் கார்களில் பின் சக்கரம் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து நிற்கும். தேய்மானம் உள்பக்கம்தான் முதலில் தெரியும். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு வண்டி பார்க்கிறவர்கள் ஸ்டீயரிங்கை ஒடித்து முன் டயரைப் பார்ப்பதோடு நிற்காமல், தரையில் முட்டி போட்டுப் பின் டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள். கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. இடது பின் டயரில் மூன்று நாளைக்கொரு முறை காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோரும் சீமைக் கருவேலம் மேல் பழி போட்டார்கள். நியாயம்தான், உத்தரகோசமங்கைப் பக்கமோ சாயல்குடிப் பக்கமோ ரோட்டோரம் கார் ஒதுங்கினால் வெட்டிப் போட்ட முள்தான் கிடக்கும். இரண்டு இடத்தில் பஞ்சர் பார்த்து, முள் கிடைக்காமல் காற்று மட்டும் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

ராம்நாட்டில் ஒரு சின்ன டயர் கடை. வாசலில் பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர், பக்கத்தில் ஒரு சோப்பு டப்பா, கடைக்கார அண்ணன், ஒரு பையன். அண்ணன் சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் வைத்து மெதுவாக உருட்டினார். டயர் மேல் எங்கேயும் குமிழி இல்லை. ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு, கடுகு கடுகாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது.

"முள்ளு இல்ல தம்பி, உப்பு" என்றார்.

கடல் காற்றின் உப்பு பட்டு அலாய் வீல் அரிக்கும். டயர் உட்காரும் இடத்தில் வெள்ளையாகப் பொடி கிளம்பி மேடு தட்டிவிடும். ரப்பர் சரியாக அமராது, காற்று கசியும். மண்டபம், பாம்பன் பக்கத்து வண்டிகளில் அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். "நீங்களே கழற்றிச் சுத்தம் பண்ணிருங்க அண்ணே" என்றேன். அவர் தன் மெஷினைக் காட்டி, "இது ரன்ஃபிளாட். பக்கம் கட்டையா இருக்கும். என் மெஷின்ல கழட்டினா ரிம் விளிம்பு கீறிரும். மதுரையில கை வச்ச மெஷின் இருக்கு, அங்க கொண்டு போங்க" என்றார். காற்றுக்கு மட்டும் காசு வாங்கினார். தன்னால் முடியாததை முடியாது என்று சொல்லி அனுப்புகிற கடை, எந்த ஊரிலும் நல்ல கடைதான்.

ரன்ஃபிளாட்டை விடுவதா வைத்துக்கொள்வதா என்பதில் எனக்கும் மச்சானுக்கும் ஒரு ராத்திரி முழுக்க வாதம். கம்பெனியில் கொடுத்தது ரன்ஃபிளாட். பக்கச்சுவரைத் தடிப்பாகச் செய்திருப்பார்கள். காற்றே இல்லாவிட்டாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். தனுஷ்கோடி முனையில் பஞ்சரானால் ராம்நாடு வந்து சேர்ந்துவிடலாம். மச்சானின் கட்சி அது. என் கட்சி வேறு. காற்றில்லாமல் ஓட்டிய ரன்ஃபிளாட்டைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும், ஒவ்வொன்றும் விலை அதிகம், அந்தத் தடித்த சுவரால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்குகிறது. ஈ.சி.ஆர். நல்ல ரோடுதான். ஊருக்குள் திரும்பியதும் வரும் ஸ்பீட் பிரேக்கர்களைச் சொல்லுங்கள்! சாதாரண டயரில் முள் குத்தினால் உச்சிப்புளியிலும் திரி போட்டுத் தருவார்கள்.

கடைசியில் என் கட்சி ஜெயித்தது, ஒரு நிபந்தனையோடு: டிக்கியில் ஸ்டெப்னி வேண்டும். 2020இல் வந்த விதித்திருத்தத்தின்படி, டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் கார் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். சட்டத்துக்குச் சரி, ராத்திரி பதினோரு மணிக்குத் தொண்டி ரோட்டில் பக்கச்சுவர் கிழிந்து நிற்பவனுக்குக் கிட் எதற்கு ஆகும்?

மதுரையில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். ஏ.சி., காபி, கம்ப்யூட்டரில் அளவு தட்டினால் விலை. முன் டயர் புதுசு. பின் டயரைக் கொண்டு வரச் சொல்லிப் பக்கச்சுவரைத் திருப்பினேன். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 1821. 2021ஆம் வருடத்தின் 18ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். கேட்டால், "சார், குடோன்ல நிழல்ல இருந்தது, புதுசு மாதிரிதான்" என்றார் விற்பனையாளர். நிழலில் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். விலையில் ஒரு பைசா குறைப்பில்லை. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம் உண்டு. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. லைசென்ஸ் வாங்கித்தான் கொண்டு வர முடியும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். இந்த மாதிரி அகல அளவுகளில் இறக்குமதிச் சரக்கே அதிகம் என்பதால் வரத்து சீராக இருப்பதில்லை. 'கப்பல் சரக்கு, பாதி விலை' என்று முத்திரை இல்லாத டயரை யாராவது காட்டினால் தொடாதீர்கள். (நான் ஜெர்மனியிலிருந்து வரும்போதே நாலு டயரைத் தூக்கி வந்திருக்கலாம் என்று மச்சானின் உம்மா சொன்னார். ஒன்று பத்து கிலோவுக்கு மேல்!)

அடுத்து போன கடை அதைவிடச் சின்னது. அங்கிருந்தவர் சென்னைக்குப் போன் போட்டு, டயரின் தேதி எண்ணை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொன்னார். நாலும் ஒரே வருடத்தது, ஒரே மாடல். பார்சல் சர்வீஸில் மறுநாள் காலை வந்துவிட்டது. ஷோரூமில் கிடைக்காத சேவை இதுதான்.

எடுத்தது மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, முன்னால் 95 ஒய், பின்னால் 99 ஒய். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 99 என்றால் 775. ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை. தேவிபட்டினம் ரோட்டில் ஆடு குறுக்கே வரும் வேகத்துக்கு 300 எதற்கு என்று மச்சான் சிரித்தார். அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்துச் சொல்கிறது. கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது. தேய்மான எண் 320; எண் குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும். இதையும் தாண்டி ரேஸ் பக்கம் சாய்ந்த, 200 எண் போட்ட டயர்கள் இருக்கின்றன. காய்ந்த ரோட்டில் பசை மாதிரி ஒட்டும், சீக்கிரம் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும் ஊருக்கு, நனைந்த ரோட்டில் நம்பி பிரேக் போடக்கூடிய டயர்தான் தேவை. என் தேர்வுக்கு அதுதான் முதல் காரணம். ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதமானது பில்லில் நன்றாகவே தெரிந்தது.

பழைய டயரைக் கழற்றியதும் ராம்நாட்டு அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. ரிம்மின் உள்விளிம்பில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல வெள்ளைப் பொருக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சீலர் தடவி, அப்புறம்தான் புது டயரை ஏற்றினார்கள். டயரில் 'வெளிப்பக்கம்' என்று எழுதியிருப்பது வெளியே வந்திருக்கிறதா என்று நாலு சக்கரத்திலும் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கப் பட்டனும் வேறு வேறு என்பதால் இதில் மாறினால் வம்பு. இந்த வண்டியில் நட்டு கிடையாது, போல்ட்தான். ஏர் கன் வைத்து முறுக்காமல், அளவு காட்டும் ஸ்பானரில் கையால் இறுக்கச் சொன்னேன். பையன் முகம் சுளிக்காமல் செய்தான். அலைன்மெண்ட் பார்த்து, முன்பும் பின்பும் எடுத்த கணக்கைத் தாளில் அடித்துக் கொடுத்தார்கள். நைட்ரஜன் வேண்டுமா என்றார்கள். காற்றிலேயே 78 சதவீதம் அதுதானே, வேண்டாம் என்றேன்.

மச்சானிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். காற்றை வண்டி எடுக்கும் முன் காலையில் பார்க்க வேண்டும், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. பங்க் பையன் நாலுக்கும் 35 அடிப்பான், அது இந்த வண்டிக் கணக்கு இல்லை. 10 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை, இரண்டு பி.எஸ்.ஐ. கூடும், மத்தியான வெயிலில் ஓட்டி வந்து அளந்து, கூடுதலாக இருக்கிறது என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். வாரத்துக்கொரு முறை ரிம்மை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவும் சொல்லியிருக்கிறேன்.

பாம்பன் பாலத்தின் இணைப்புகளில் முன்பு கேட்ட தடதட இப்போது பாதிதான். காற்றும் இறங்கவில்லை. ஸ்டெப்னி டிக்கியை அடைத்துக்கொண்டதில்தான் மச்சானுக்கு இன்னும் மனத்தாங்கல். என்னை ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வந்து விட்டபோது ஒரு பெட்டி பின்சீட்டில் லாத்தா மடியில்தான் வந்தது.