புளூபேர்டுக்குக் கூடு: பலகைப் பெட்டியா, பீட்டர்சனா, பி.வி.சி குழாயா?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வீடும், பின்னால் குட்டையாக வெட்டிய புல்வெளியும் இருந்தால் புளூபேர்ட் என்ற சின்ன நீலப் பறவை வர நல்ல வாய்ப்பு உண்டு. இந்தப் பறவைக்கு மரத்தைக் குடையத் தெரியாது, மரங்கொத்தி விட்டுப்போன பொந்தைத் தேடித்தான் முட்டையிடும். பட்ட மரங்களை நாம் வெட்டிவிடுகிறோம், மிச்சப் பொந்துகளை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஸ்டார்லிங்கும் (மைனா குடும்பப் பறவை) சிட்டுக்குருவியும் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் பெட்டி.

நம் ஊரில் சிட்டுக்குருவிக்கு ஆசையாகப் பெட்டி கட்டித் தொங்கவிடுகிறோம். அதே குருவி இங்கே புளூபேர்டின் முட்டையைக் கொத்தி உடைக்கும், குஞ்சையும் சில நேரம் தாயையும்கூடப் பெட்டிக்குள்ளேயே கொன்றுவிடும். எந்தப் பெட்டியையும் இதை மனதில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் சாதாரண சீடர் மரப் பலகைப் பெட்டி. முக்கால் அங்குலப் பலகை, உள்ளே 4க்கு 4 அங்குலத் தரை, ஒன்றரை அங்குல வட்டத் துளை. துளை அதற்கு மேல் போனால் ஸ்டார்லிங் நுழைந்துவிடும். ரம்பமும் டிரில்லும் இருந்தால் யாரும் செய்துவிடலாம், பலகை தடிமனாக இருப்பதால் வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. உள்ளே பெயின்ட் வேண்டாம், துளைக்குக் கீழே குச்சியும் வேண்டாம், அது சிட்டுக்குருவிக்குத்தான் வசதி. இந்தப் பெட்டியின் பெரிய குறை இதுதான்: ஒன்றரை அங்குலத்தில் சிட்டுக்குருவி தாராளமாகப் போய்வரும்.

பீட்டர்சன் பெட்டி மின்னசோட்டாக்காரர் டிக் பீட்டர்சன் வடிவமைத்தது. சரிந்த கூரை, மேலே அகன்று கீழே குறுகும் உடல், நீள்வட்டத் துளை. தரை சின்னது என்பதால் கூடு கட்டப் புல் கொஞ்சம் போதும். ஆனால் சாய்கோணத்தில் அறுப்பது கைப்பழக்கம் இல்லாதவர்களுக்குத் தொல்லை, முதல் பெட்டியாக நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கில்பர்ட்சன் பெட்டி, 4 அங்குல பி.வி.சி குழாயில் செய்வது. சிட்டுக்குருவிக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பது பெட்டி வைப்பவர்கள் பலரின் அனுபவம். எடை குறைவு, கழற்றிச் சுத்தம் செய்வதும் சுலபம். ஆனால் மெல்லிய சுவர் சீக்கிரம் சூடேறும், அதனால் ஜார்ஜியா மாதிரி தெற்கு மாநிலங்களில் பிற்பகல் நிழல் இல்லாத இடத்தில் இதை வைக்காதீர்கள்.

என் தேர்வு இதுதான்: அக்கம்பக்கத்தில் சிட்டுக்குருவி அதிகம் என்றால் குழாய், இல்லையென்றால் பலகை.

ஆனால் பெட்டியைவிட அதை எதில் மாட்டுகிறோம் என்பது முக்கியம், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. மரத்திலோ வேலியிலோ அடித்தால் ரக்கூனுக்கும் பூனைக்கும் பாம்புக்கும் நாமே ஏணி வைத்த மாதிரி. தனி இரும்புக் கம்பம் நடுங்கள், தரையிலிருந்து 5 அடி உயரம் போதும், பெட்டிக்குக் கீழே கம்பத்தைச் சுற்றி 8 அங்குல விட்டமும் 2 அடி நீளமும் உள்ள தகரக் குழாயைத் தடுப்பாக மாட்டுங்கள். குழாயின் மேல்வாய் அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு உள்வழியாக ஏறிவிடும்.

எந்தப் பெட்டியானாலும் திறந்து பார்க்கக் கதவு இருக்கட்டும். வாரம் ஒருமுறை பாருங்கள். சிட்டுக்குருவி கூடு கட்டினால் எடுத்துப் போடலாம், அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. புளூபேர்ட், ஸ்வாலோ, ரென் போன்ற உள்ளூர்ப் பறவைகளின் கூடுகளைத் தொடக் கூடாது. புளூபேர்ட் குஞ்சுகளுக்கு 12 நாள் ஆனபின் கதவைத் திறக்காதீர்கள், பறக்கத் தெரியும் முன்பே பயந்து வெளியே குதித்துவிடும்.